பரிந்துரை இல்லை

மாப்பிள்ளை பிரான்சிலிருந்து வந்தான்,
காற்றுத் துளை போட்ட மரப்பெட்டியில்,
ஒரு அகதிக்குத் தேவையானதை விடக்
கூடுதலான காகிதங்களோடு.
கட்டுநாயக்கவிலிருந்து கன்னியா மட்டும்
லொறியில் ஏழு மணித்தியாலம்;
ஹபரணையில் யானை மறித்து இன்னும் ஒன்று.

இலங்கைச் சிறுத்தைதான். ஆனால்
தமிழில் கூப்பிட்டால் காது அசையாது,
சிங்களத்திலும்.
"ஆரெத்" என்று நசுறுதீன் அதட்டிய அன்று
எழும்பி வந்து கம்பியோரம் உட்கார்ந்தான்.
அந்தச் சொல்லை வாட்சப்பில் அனுப்பியவள்
லாஷப்பலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை.
நாங்கள் அனுப்பியது ஒன்று, வந்தது ஒன்று.

எனக்கு வேலை பதிவேடு.
பெண் நாற்பத்தேழாம் இலக்கம்.
தாய், தாயின் தாய்,
அந்தத் தாயின் இடுப்பை இறுக்கிய
தேயிலைத் தோட்டத்துக் கம்பிக் கண்ணி.
அதற்கு மேலே கேள்விக்குறி.
காட்டிலிருந்து வந்த எல்லாருக்கும்
மேலே கேள்விக்குறிதான்.

தரகர் பத்துப் பொருத்தம் பார்ப்பார்.
நான் பார்ப்பது ஒன்று:
இரண்டு பேரும் எத்தனை முடிச்சுத் தள்ளிச் சொந்தம்.
பூச்சியம் தசம் பூச்சியம் ஆறு.
மச்சான் மச்சாள் பிள்ளைக்கு வருவதை விட
மயிரிழை குறைவு.
எங்கள் வீடுகளில் அது கல்யாணம்.
இந்தப் புத்தகத்தில் அது எச்சரிக்கை.

செவ்வாய்க்கிழமைகளில் அவளின் மலத்தை
ஐஸ் பெட்டியில் வைத்து
பேராதனைக்குக் கொண்டுபோவேன், ஹோர்மோன் பார்க்க.
அந்த ஏப்ரலுக்குப் பிறகு
திரும்ப முளைத்த சாவடியில்
பஸ்ஸை நிற்பாட்டினார்கள்.
பெட்டியில் என்ன?
திவியா என்ற சொல் நாக்குக்கு வரவில்லை.
விஞ்ஞானப் பெயரின் வால் மட்டும் வந்தது:
கொட்டியா.

பஸ்ஸில் பேச்சு நின்றது.
யாரோ ஜன்னலைச் சாத்தினார்.
மீசை அரும்பாத பெடியன்
மூடியைத் திறந்தான், முகர்ந்தான்,
"கொட்டியாகே..." என்று தொடங்கி
முடிக்க முடியாமல் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வர ஹபரணை வந்துவிட்டது.

நாற்பது நாள்
வலைக்கு இரண்டு பக்கமும் இருத்தினோம்.
முதலில் வைக்கோலை மாற்றிப் போட்டோம், மணம் பழக.
பிறகு உறுமல்.
பிறகு உறுமாமல் பார்த்துக்கொண்டிருத்தல்.
நாற்பத்தோராம் நாள் அவள் தரையில் புரண்டாள்.
அவன் மரம் அரிகிற மாதிரிக் கூப்பிட்டான்.
நசுறுதீன் கதவுக் கயிற்றோடு,
டொக்டர் குணசீலி தண்ணீர்க் குழாயோடு,
நான் பேனையோடு.

மத்தியானமே கடிதம் வந்திருந்தது.
இணைப்பாளர் நல்ல மனுசி,
மன்னிப்பில்தான் தொடங்கியிருந்தா.
இவளின் அக்காமார் இரண்டு பேருக்கும்
ஏற்கெனவே ஒன்பது குட்டி.
இந்த வம்சம் போதும், கூடுகள் நிரம்பிவிட்டன.
நாற்பத்தேழு: பரிந்துரை இல்லை.

பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன்.
சொல்ல வாய் வர ஆறு மணியாகிவிட்டது.
"கயித்தை விடுங்கோ, நசுறுதீன்."
"ஏன், பொருத்தமில்லையா?"
"பொருத்தமிருக்கு. இடம்தான் இல்லை."
அவர் கயிற்றை உடனே விடவில்லை.

அடுத்த கிழமை அவளை மயக்கி
தோள்பட்டைத் தோலின் கீழே
சம்பா அரிசியளவு மருந்து வைத்தோம்.
இரண்டு வருஷத்துக்குக் காணும்.
நாக்கு வெளியே கிடந்தது;
காயாமல் ஈரத்துணி போட்டேன்.
அதைத் தவிர நான் அவளைத் தொட்டதில்லை.
அவன் மூன்று இரவு அரிந்துகொண்டிருந்தான்,
இல்லாத ஒரு மரத்தை.

சம்பள நாளில் கோட்டை வாசலடியில் இறங்கினேன்.
வழக்கம்போல மான்கள்,
றோட்டில், கடை வாசலில், குப்பை வாளியோரம்.
எவளின் மகள் எவனோடு என்று
எந்தக் கந்தோரிலும் எழுத்தில்லை.
ஒரு குட்டி கிட்ட வந்தது.
பழக்கத்தில் காதைப் பார்த்தேன்.
இலக்கம் இல்லை.
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை
மென்றுகொண்டு நின்றது.